பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர்

போன ஆவணியில் என் மாமாவின் நெல்லில் பாதிக்கு மேல் நனைந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. மழை தன் பாட்டுக்குப் பெய்தது. காயப்போடச் சொன்னது நான்.

சிறுபோக அறுவடை முடிகிற நாட்களில் தம்பலகாமத்துக்கு வந்தால் தெரியும், பாதையில் பாதி நெல்லுக்குத்தான். வெட்டு மெசின் கொட்டிவிட்டுப் போகிற நெல் ஈரமாக இருக்கும். ஈரத்தைக் காட்டி வியாபாரி விலையைக் கீழே இழுப்பார். அதனால் தார் ரோட்டின் ஒரு கரையில் படங்கை விரித்து, நெல்லைப் பரப்பி, காலால் அளைந்து அளைந்து காயவிடுவார்கள். நல்ல வெயில் இரண்டு நாள் அடித்தால் போதும். நடுவில் இருபது நிமிட மழை வந்தால் எல்லாம் முதலில் இருந்து.

அன்றைக்குக் காலை மாமா கேட்டார், "தம்பி, இண்டைக்கு எப்படி?"

எனக்கு வேலை திருகோணமலை நகரத்தில், கணக்கு எழுதுகிற வேலை. ஆனால் வானிலைப் பைத்தியம் என்று குடும்பத்தில் பெயர். போனை எடுத்துப் பார்த்தேன். செயலியில் ஒரு முழுச் சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. "காயட்டும் மாமா, மழை இல்லை" என்றேன். சொன்ன தொனி இன்னும் என் காதில் இருக்கிறது. பெரிய நிபுணரின் தொனி.

இரண்டே முக்காலுக்குக் கந்தளாய்ப் பக்கம் கறுத்தது. மூன்று மணிக்குக் குளிர்காற்று ஒன்று வயலைத் தடவிக்கொண்டு வந்தது. அந்தக் காற்று வந்த பிறகு வானிலை அறிக்கை யாருக்கும் தேவையில்லை. வீட்டில் இருந்த ஆறு பேரும் ஓடினோம். அள்ளியது பாதிக்கும் குறைவு. மாமா ஏசவில்லை. ஈரச் சாரத்தைப் பிழிந்துகொண்டே, "உன்ர அமெரிக்கா மழை எல்லாம் சரியாத்தானே சொல்லுறாய்" என்றார். அதற்குப் பதில் ஏசியிருக்கலாம்.

அமெரிக்கா மழை என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் நான் அதிகாலை நான்கு மணிக்கு எழும்புகிறவன். ஒக்லஹோமாவுக்கும் நமக்கும் அந்த மாதங்களில் பத்தரை மணித்தியால வித்தியாசம். அங்கே பின்னேரம் ஐந்தரை, இங்கே விடியற்காலை நான்கு. புயல் துரத்துகிறவர்கள் காரில் கமராவைப் பூட்டிக்கொண்டு நேரலையில் ஓடுவார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி, ஒரு மரம் கூட மறைக்காது, நடுவில் ஒரு முகில் சட்டி வனையிற சக்கரம் மாதிரி மெதுவாகச் சுழலும். ஓட்டமாவடிக்குக் கூடத் தனியாகப் போய் வராத எனக்கு கான்சாஸ் மாநிலத்துக் கிராமப் பெயர்கள் பாடம். மனைவி இதைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பது வேறு கதை.

அந்தச் சமவெளியில் முன்னறிவிப்பு எப்படித் தொடங்கியது என்பதை மாமாவுக்கு ஒருநாள் சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தேன். நெல் நனைந்த பிறகு அந்தக் கதை எனக்கே வேறு மாதிரித் தெரிந்தது.

1948 மார்ச் 20. ஒக்லஹோமாவில் டிங்கர் விமானப்படைத் தளம். இரவு வேலையில் இருந்தவர் ராபர்ட் மில்லர். கலிபோர்னியாக்காரர், அந்தத் தளத்துக்கு வந்து மூன்று கிழமை கூட ஆகவில்லை. பலத்த காற்று இருக்கும், இடிமுழக்கம் இருக்காது என்று அன்றைய அறிக்கை போனது. இரவு பத்து மணியளவில் ஒரு டொர்னாடோ, அதாவது முகிலில் இருந்து தரை வரை இறங்கிச் சுழல்கிற காற்றுத் தூண், தளத்துக்குள்ளேயே புகுந்து, நின்ற விமானங்களை நொறுக்கிவிட்டுப் போனது. அடுத்த நாளே விசாரணை. அது கடவுள் செயல், யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது என்று முடிவானது. மில்லர் தப்பினார். நானாக இருந்தால் அதோடு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

ஆனால் தளத்தின் ஜெனரல் விடவில்லை. உண்மையிலேயே சொல்ல முடியாதா, பாருங்கள் என்றார். மில்லரும் அவருடைய மேலதிகாரி ஏர்னஸ்ட் ஃபாபுஷும் பழைய டொர்னாடோ நாட்களின் வானிலை வரைபடங்களைத் தோண்டி எடுத்து, அந்த நாட்களில் எல்லாம் பொதுவாக என்ன இருந்தது என்று தேடினார்கள். மார்ச் 25 காலை வரைபடத்தைப் பார்த்தால், ஐந்து நாளைக்கு முந்தைய வரைபடம் திரும்பி வந்தது போல இருந்தது. சொல்வதா, விடுவதா? அந்தக் காலத்தில் அமெரிக்க வானிலை அறிக்கைகளில் டொர்னாடோ என்ற சொல்லே தீட்டு. மக்கள் பயந்து ஓடுவார்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இருந்து 1938 வரை அதைப் பாவிக்க விடவில்லை. அதற்குப் பிறகும் தயக்கம் போகவில்லை. இருவரும் பயந்து பயந்துதான் எழுதிக் கொடுத்தார்கள். விமானங்களைக் கொட்டகைக்குள் தள்ளினார்கள், ஆட்களைப் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பினார்கள். பின்னேரம் ஆறு மணியளவில், அதே தளத்தில், இரண்டாவது டொர்னாடோ.

அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஒரே இடத்தில் ஐந்து நாளுக்குள் இரண்டு முறை விழுவது அவர்கள் கெட்டித்தனத்தால் நடந்ததல்ல. ஆனால் அவர்கள் தேடிய முறை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. புயலைத் தேடாதே, புயலுக்கு வேண்டிய சாமான்கள் ஒரே இடத்தில் கூடுகிறதா என்று பார்.

சாமான்கள் அதிகமில்லை. கீழே ஈரமான சூட்டுக் காற்று. மேலே குளிர். அந்த ஈரத்தை முதலில் மேலே தள்ளிவிட ஏதோ ஒன்று. உயரம் போகப்போகத் திசையும் வேகமும் மாறுகிற காற்று. ஒக்லஹோமாவுக்கு ஈரம் தெற்கே மெக்சிக்கோ வளைகுடாவில் இருந்து வருகிறது. மேற்கே வறண்ட மேட்டுநிலக் காற்று. இரண்டும் முட்டுகிற கோட்டை உலர்கோடு என்கிறார்கள்; அந்தக் கோட்டை காரில் கடந்தால், கொஞ்சத் தூரத்திலேயே வியர்வை காய்ந்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மூடி. மெக்சிக்கோ மேட்டுநிலத்தில் சூடான காற்று, வளைகுடாவின் ஈரக் காற்றுக்கு மேலே ஒரு படலமாக வந்து உட்கார்ந்துவிடும். கீழே இருக்கும் காற்று எழும்பப் பார்த்தாலும் அந்தச் சூட்டுப் படலம் விடாது. பால் காய்ச்சும்போது ஆடை படிகிறதே, அதுதான். ஆடை இல்லாத பால் மெல்ல மெல்லக் கொதிக்கும். ஆடை மூடிய பால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், நீங்கள் அடுத்த பக்கம் திரும்பிய அந்த நொடியில் பொங்கி அடுப்பை அணைக்கும். சமவெளியின் பெரிய புயல்கள் அப்படித்தான். மூடி காலையிலேயே உடைந்தால் சில்லறை மழையோடு போய்விடும். பின்னேரம் வரை தாங்கி, பிறகு ஒரு இடத்தில் கிழிந்தால், நாள் முழுக்கச் சேர்ந்த சூடும் ஈரமும் அந்த ஒரு கிழிசலால் மேலே பாயும். மணிக்கு 150 கிலோமீற்றருக்கு மேல் கூடச் செங்குத்தாகப் பாயும். தெற்கு டக்கோட்டாவில் விவியன் என்ற ஊரில் 2010 ஜூலை 23 அன்று விழுந்த ஆலங்கட்டி ஒன்று 20 சென்ரிமீற்றர் குறுக்களவு. தேங்காயை விடப் பெரிது. அதைக் கீழே விழவிடாமல் தாங்கிப் பிடித்த காற்றை நினைத்துப் பாருங்கள்.

கிழியவே இல்லை என்றால்? ஒன்றும் நடக்காது. நீல வானம். அதுதான் முன்னறிவிப்பாளரின் நரகம். 2013 மே 20 அன்று ஒக்லஹோமா நகரத்துக்குப் பக்கத்தில் மூர் என்ற ஊரை ஒரு டொர்னாடோ அழித்தது. 24 பேர் இறந்தார்கள், அதில் ஏழு பேர் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஆறு வருடம் கழித்து, 2019இல், அதே மே 20. நோர்மன் நகரத்தில் இருக்கும் புயல் முன்னறிவிப்பு மையம் தன் ஐந்து படிகளில் ஆக உயர்ந்த படியை அறிவித்தது. முன்கூட்டியே பள்ளிக்கூடங்களை மூடினார்கள். நானும் இங்கே லீவு போடாத குறையாக விழித்திருந்தேன். ஒக்லஹோமா நகரத்தில் பயந்த அளவு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் இணையத்தில் அவர்களைக் கிழித்த கிழியைப் பார்க்கவேண்டும். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாமான் எல்லாம் அடுக்களையில் இருந்தது, சமையல் நடக்கவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகளை வீட்டில் வைத்திருந்தது பிழை என்று மூரில் யார் சொல்லப்போகிறார்கள்?

சரி, திருகோணமலைக்கு வருவோம்.

நமக்கு அந்த மாதிரிச் சுழலும் முகில்கள் வருவதில்லை. நான்காவது சாமான், அதாவது உயரத்துக்கு உயரம் மாறுகிற காற்று, நம்மிடம் போதாது. அது இருந்தால் புயல் சாய்ந்து நிற்கும். மழை ஒரு பக்கம் விழ, ஈரக்காற்று மறுபக்கம் ஏறும். மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். நம்முடைய முகில் நேராக நிற்கிறது. பெய்கிற மழை தான் ஏறிவந்த வழியிலேயே விழுகிறது. தன் தொண்டையில் தானே தண்ணீரை ஊற்றிக்கொண்டு அரை மணி, ஒரு மணித்தியாலத்தில் செத்துப்போகும். இந்த வாழ்க்கையை 1946இல் புளோரிடாவிலும் 1947இல் ஒகையோவிலும் போர் விமானங்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாக முகிலுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்து எழுதிவைத்தார்கள். வளர்வது, பெய்வது, கரைவது என்று மூன்று பருவம்.

ஆனால் மூடி நம்மிடமும் இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்குப் பெயர் கச்சான். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குக் காற்று மலைநாட்டின் அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி நம் பக்கம் இறங்குகிறது. கச்சான் பலமாக அடிக்கிற நாளில் நகரம் வறுபடும், உடுப்பு அரை மணியில் காயும், முகில் எழும்பாது. பலம் குறைந்த நாளில் மத்தியானத்துக்குச் சற்று முன் கொட்டியாரக்குடாப் பக்கம் இருந்து கடற்காற்று உள்ளே வரும். கீழே ஈரமான கடற்காற்று, மேலே கச்சான். இரண்டும் முட்டுகிற கோடு சில நாள் கிண்ணியாவில், சில நாள் தம்பலகாமத்தில், சில நாள் கந்தளாய் தாண்டி. முட்டுகிற இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. உலர்கோட்டின் சின்னத் தம்பி என்று இதைச் சொல்வேன். வானிலை படித்தவர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

சித்திரையில் கதை வேறு. சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கிற நாள் புதுவருசத்தை ஒட்டித்தான் வருகிறது. அப்போது காற்றும் விழுந்திருக்கும். எங்கே வேண்டுமானாலும் எழும்பும், அதனால் எங்கே என்று யாரும் சொல்ல முடியாது. வானொலியில் "பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் சில இடங்களில்" என்று சொல்வதைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். தினமும் அதே வசனம், ரெக்கோட் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று. இப்போது எனக்கு அது நேர்மையான வசனமாகப் படுகிறது. நேரத்தைச் சொல்கிறார்கள், ஏனென்றால் வெயில் வேலை செய்ய அவ்வளவு நேரம் வேண்டும். இடத்தைச் சொல்லவில்லை, ஏனென்றால் சொன்னால் பொய்.

என்னுடைய செயலி பொய் சொன்னது ஏன் என்றும் பிறகு விளங்கியது. உலகம் முழுவதற்கும் வானிலைக் கணக்குப் போடுகிற பெரிய கணினி மாதிரிகளில் ஐரோப்பியருடையது ஏறத்தாழ 9 கிலோமீற்றர், அமெரிக்கருடையது 13 கிலோமீற்றர் கட்டங்களாக வானத்தைப் பிரிக்கிறது. மாமாவின் நெல்லை நனைத்த முகிலின் தொண்டை இரண்டு மூன்று கிலோமீற்றர் இருந்திருக்கும். பெரிய கண் வலையில் நெத்தலி பிடிக்கப் போன கதை. அமெரிக்கர் தங்கள் நாட்டுக்கு மட்டும் 3 கிலோமீற்றர் கட்டத்தில், மணிக்கு ஒரு தடவை புதிதாகக் கணக்குப் போடுகிறார்கள். அந்த வலையைப் பார்த்துப் பழகிய கண்ணோடு நான் இந்த வலையை நம்பிவிட்டேன். மாமாவின் நக்கல் சரியான இடத்தில்தான் குத்தியது.

இன்னொரு மனக்குறை. கடும் இடிமழையில் நாலு வீட்டுத் தகரம் பறந்தால் அடுத்த நாள் பத்திரிகையில் "மினி சூறாவளி" என்று வந்துவிடும். சூறாவளி என்றால் என்ன என்று தெரிந்த ஊர் இது. 1964 மார்கழியில் வந்ததைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2020 டிசம்பர் 2 அன்று புரெவி குச்சவெளிப் பக்கம்தான் கரையேறியது. தகரம் பறக்கிறது பெரும்பாலும் வேறு சாமான். முகில் சாகிற நேரத்தில் அதற்குள் குளிர்ந்த கனமான காற்று பொத்தென்று கீழே விழுந்து நாலா பக்கமும் சிதறும். வாளித் தண்ணீரைச் சீமெந்துத் தரையில் கவிழ்த்த மாதிரி. இதைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தவர் டெட் ஃபுஜிட்டா, டொர்னாடோக்களை அளக்கும் அளவுகோலை 1971இல் தந்த அதே ஜப்பானியர். 1974 ஏப்ரலில் இரண்டு நாளில் 148 டொர்னாடோக்கள் அமெரிக்காவைக் குதறிய பிறகு, விமானத்தில் இருந்து பார்த்தபோது சில இடங்களில் மரங்கள் சுழற்சியாக இல்லாமல் ஒரு நடுவில் இருந்து வெளிப்பக்கமாக விழுந்திருந்ததைக் கண்டார். நாகசாக்கியில் குண்டு விழுந்த சில கிழமைகளில் அங்கே போய் மரங்கள் கிடந்த கோலத்தைப் பார்த்தவர் அவர். அந்தக் கோலம் இதில் தெரிந்தது. அடுத்த வருடம் நியூயோர்க்கில் ஒரு விமானம் தரையிறங்கும்போது விழுந்து 100 பேருக்கு மேல் இறந்ததற்கும் இந்த விழுகிற காற்றுதான் காரணம் என்று சொன்னார். முதலில் பலர் நம்பவில்லை.

ஆகவே அடுத்த முறை உங்கள் ஊரில் "மினி சூறாவளி" அடித்தால், வாழைகள் எந்தப் பக்கம் விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். எல்லாம் ஒரே பக்கம், அல்லது விசிறி போல விரிந்து விழுந்திருந்தால் சூறாவளி என்று எழுதாதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

சுழல்கிற வகை நமக்குத் தூரத்து விசயம் என்று நினைத்துவிடவும் கூடாது. இதே வங்கக்கடலின் மறுகரை, வங்காளச் சமவெளி, உலகத்தில் டொர்னாடோ அதிகம் கொல்கிற இடங்களில் ஒன்று. அங்கேயும் கீழே கடலின் ஈரம், மேலே சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்தின் சூட்டுக் காற்று மூடியாக. சித்திரை வைகாசியில் வடமேற்கில் இருந்து கறுத்து வருவதைக் கால்பைசாக்கி என்பார்கள். 1989 ஏப்ரல் 26 அன்று பங்களாதேசில் தௌலத்பூர், சதூரியா பகுதியில் விழுந்த டொர்னாடோவில் ஏறத்தாழ 1300 பேர் இறந்ததாகக் கணக்கு. அமெரிக்காவில் எந்த ஒரு டொர்னாடோவும் அவ்வளவு பேரைக் கொன்றதில்லை. தகர வீடு, நெருக்கமான சனம், வந்து சொல்ல ஆளில்லை. நேரலையும் இல்லை, அதனால் நான்கு மணிக்கு எழும்பிப் பார்க்க என்னைப் போன்றவர்களுக்கு அது தெரியவும் இல்லை.

நமக்கு உண்மையான ஆபத்து மின்னல். வயல்வெளியில் வரம்பில் நிற்கிற மனிதன்தான் அந்த வெளியிலேயே உயரமான பொருள். இதில் மாமாவோடு எனக்குப் பெரிய தர்க்கம். முழங்கினால் அவர் மருதமரத்துக்குக் கீழே போவார், இல்லாவிட்டால் கிடுகு வாடிக்குள். இரண்டும் சரியில்லை, தகரக் கூரையுள்ள வாகனத்துக்குள் ஏறிக் கதவை மூடினால் தப்பலாம், உழவு மெசினில் குந்தியிருந்தால் தப்ப முடியாது. மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் எண்ணச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் முழங்கினால் ஏற்கனவே எட்டுகிற தூரம், ஏனென்றால் மின்னல் மழைக்குப் பத்துக் கிலோமீற்றர் முன்னாலேயே வந்து விழும். அம்மம்மா முழக்கத்துக்கு "அர்ச்சுனா அர்ச்சுனா" என்பார். மாமா இப்போது இரண்டையும் செய்கிறார், அர்ச்சுனனையும் கூப்பிட்டு, இடையில் எண்ணியும்.

அந்த நெல்லுக்குப் பிறகு நான் செயலியின் சூரியனை நம்புவதில்லை. மேலே போகப்போக வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்க காரைக்காலில் விடுகிற வானிலை பலூனின் கணக்கு, காலை ஏழு மணிபோல இணையத்தில் வரும். 300 கிலோமீற்றர் வடக்கே என்றாலும், மேலே மூடி இருக்கிறதா, எவ்வளவு தடிப்பு என்று ஒரு மதிப்புச் சொல்லும். பத்து மணிக்குக் காற்று எந்தப் பக்கம், கடற்காற்று எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று பார்க்கிறேன். மத்தியானத்தில் மேற்கே முகில்கள் பூக்கோவா மாதிரிக் கெட்டியாக எழும்பினால் பிழை. நுனி பஞ்சாகிப் பரந்தால் நேரம் முடிந்தது. மாமா தும்பி தாழப் பறக்கிறதா, எறும்பு முட்டை தூக்குகிறதா என்று பார்ப்பார். ஈரம் இருக்கிறது என்று எறும்பும் சொல்லும். எங்கே விழும் என்று எறும்புக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இரண்டு கிழமைக்குப் பிறகு, கடைசி வயல் நெல். காலையில் எல்லாம் கூடியிருந்தது: கச்சான் விழுந்துவிட்டது, காரைக்கால் பலூனில் மூடி மெல்லிசு, பதினொரு மணிக்கே கடற்காற்று. மாமாவுக்குப் போன் போட்டேன். "இண்டைக்குக் காயப்போடாதீங்க மாமா." அவர் ஒன்றும் கேட்காமல் மூட்டையைக் கட்டி உள்ளே வைத்தார்.

அன்றைக்குத் தம்பலகாமத்தில் ஒரு துளி விழவில்லை. பளீர் வெயில். பக்கத்து வீட்டுக்காரர் முழு நெல்லையும் காயவைத்து அள்ளிவிட்டார். பின்னேரம் ஐந்து மணி வரை நான் போனைத் தொடவே பயந்தேன்.

ஏழு மணிக்கு அவரே எடுத்தார்.

"கந்தளாய்ப் பக்கம் நல்லா மின்னுது, தம்பி. நாப்பது மட்டும் எண்ணிப்போட்டன், முழக்கம் கேக்கேல்ல."

"அங்கதான் விழுது போல, மாமா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அந்தப் பக்கம் தவளைச் சத்தம் கேட்டது.

"நாளைக்கு எப்படி?"

"காலமை காரைக்கால் பலூனைப் பார்த்துப்போட்டுச் சொல்லுறன்."

"சரி, அந்தாளையும் கேட்டுச் சொல்லு. ஏழரைக்கு முன்னம் சொல்லு, படங்கு விரிக்கவேணும்."